நுஹா உறங்கிய இரண்டு காலைகள்

புதிதாக மயக்கமருந்துப் பிரிவுக்கு வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் வேலை செய்யும் என்பதெல்லாம் உங்கள் கைபேசிக்குள்ளேயே கிடக்கிறது. நான் ஓய்வு பெற்றுச் சாய்ந்தமருதுக்குத் திரும்பி மூன்று வருடமாகிறது. காலையில் கோழிகளுக்குத் தீனி போடுகிறேன். பின்னேரம் கடற்கரையில் நடக்கிறேன். முழங்கால் வலிக்கிறது என்று யாராவது வந்தால், நான் அந்த டொக்டர் இல்லை என்று சொல்லி ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்புகிறேன்.

ஆனால் ஒரு குறை இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணியானால் என் இடது கை சும்மா இருக்க மறுக்கிறது. உறங்குகிற பிள்ளையின் தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, மூச்சு வெளியே வருகிறதா என்று உள்ளங்கையில் பார்த்துப் பழகிய கை அது. இருபத்தாறு வருடப் பழக்கம். இப்போது தலையணையைப் பிடிக்கிறது, பேப்பரைப் பிடிக்கிறது, ஒன்றும் சரிவரவில்லை. அந்தச் சின்னச் சூடான மூச்சுக்கு நான் ஏங்கிக் கிடக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

நான் அதிக காலம் வேலை செய்தது தலைநகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில். பெயர் உங்களுக்குத் தேவையில்லை. சின்னப் பிள்ளைகளின் தொடை இரத்த நாளம் வழியாக இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டு, உள்ளே எங்கே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அளந்து பார்ப்பார்களே, அந்த அறையில். பெரியவர்கள் என்றால் விழித்துக்கொண்டே அசையாமல் படுத்திருப்பார்கள். நான்கு வயதுப் பிள்ளை படுக்குமா? அதனால்தான் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

அந்த அறையில் நோய் எதுவும் குணமாவதில்லை. அளப்பதுதான் வேலை. அந்த அளவை வைத்துத்தான், இந்தப் பிள்ளைக்கு ஒப்பரேஷன் செய்யலாமா, காலம் கடந்துவிட்டதா என்று முடிவெடுப்பார்கள். இதில் நமக்கு ஒரு வம்பு இருக்கிறது. பிள்ளை அழுதால் அளவு ஏறும். நாம் கூடுதலாக மருந்து கொடுத்து ஆழ உறங்க வைத்தால் மூச்சு குறையும், கெட்ட காற்று உள்ளே தங்கும், நுரையீரலின் குழாய்கள் இறுகும், அப்போதும் அளவு ஏறும். திரையில் தெரியும் எண் பிள்ளையுடையதா, நாம் கொடுத்த மருந்துடையதா என்று பார்த்தவுடன் தெரியாது. நமக்கு மட்டும் தெரியலாம், அதுவும் வாயைத் திறந்து சொல்ல மனமிருந்தால்.

நான் ஒரு தடவை வாயைத் திறக்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முந்திய கிழமை ஒரு பையன் நடுவிலே காலை உதறி எழும்பிவிட்டான். இதய டொக்டர் நல்ல மனிதர், கெட்டிக்காரர், ஆனால் வாய்க்குப் பூட்டு இல்லாதவர். எல்லோருக்கும் முன்னால், “உங்கள் பிள்ளைகள் என் மேசையில் நடனமாடுகிறார்கள்” என்று சொல்லிவிட்டார். இளசுகள் இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அது அந்த வாரம் முழுதும் தொண்டையில் நின்றது. இனி இந்த மனிதனுடைய மேசையில் ஒரு பிள்ளையாவது விரலை அசைக்கட்டும் பார்ப்போம் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். அந்தக் கறுவலோடுதான் நுஹாவிடம் போனேன்.

நுஹாவுக்கு நான்கு வயது. இதயத்தின் இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் பெரிய ஓட்டை. அவளுடைய உம்மா றிஸ்மியாவுக்கு இருபத்தைந்து இருக்கும், என் ஊர்க்காரி. அவளுடைய கணவர் கட்டாரில் இருந்தார், தகப்பன் பஸ்ஸில் கூட்டிவந்து விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியிருந்தார். மூன்று வயதிலேயே ஒப்பரேஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். நெஞ்சைப் பிளக்கவா என்று பயந்து, இவள் ஒரு வருடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கைவைத்தியத்துக்கும் ஓதிப் பார்க்கவும் அலைந்துவிட்டாள். இப்போது நுரையீரல் கெட்டிருக்குமோ என்ற சந்தேகம். கெடவில்லை என்றால் ஒப்பரேஷன். கெட்டிருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். அந்தக் காலை அதைத்தான் அளக்க இருந்தோம்.

முந்தின நாள் வாட்டில், நோயாளர் அறையில், றிஸ்மியாவைப் பார்க்கப் போனபோது நான் வாய் திறந்த உடனே அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“நீங்க எங்கட ஊரா டொக்டர்?”

“ஓம் மகள், சாய்ந்தமருது. பள்ளி ரோட்டுல எங்கட வீடு.”

“யா அல்லாஹ்! ராத்தா, இஞ்ச வந்து மூணு நாளா ஒரு மனிசரும் எனக்கிட்டக் கதைக்கல்ல. எல்லாம் சிங்களத்துல சொல்றாங்க, நான் தலைய மட்டும் ஆட்டிட்டு இரிக்கன்.”

டொக்டராக இருந்த நான் ஒரு நொடியில் ராத்தா, அக்கா, ஆகிவிட்டேன். எனக்கும் அந்தப் பேச்சைக் கேட்டால் அப்படித்தான். கொழும்பில் என் நாக்கு மூன்று பாஷை பேசும். ஆனால் ‘இஞ்ச’, ‘எனக்கிட்ட’ என்று யாராவது சொன்னால் நடந்துபோகிறவள் நின்றுவிடுவேன். அன்றைக்கும் பத்து நிமிடம் கூடுதலாக நின்று கதைத்தேன். நுஹா அதற்குள் என் கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பை இழுத்துத் தன் பொம்மையின் வயிற்றில் வைத்துப் பார்த்து, “இவக்கு மூச்சு இல்ல” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

புறப்படும்போது றிஸ்மியா என் கையைப் பிடித்தாள்.

“ராத்தா, ஒரு சொல்லு கேளுங்க. நாளைக்கு நானும் உள்ளுக்கு வரட்டா? நான் பக்கத்துல நிண்டு ஓராட்டினா இவ படுத்திருவா. ஊசி கூடவே தேவப்படாது.”

ஓராட்டு என்றால் தாலாட்டு. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

“அதெல்லாம் ஏலாது மகள். அந்த அறைக்குள்ள உம்மாமார விடுறல்ல. நான் படுக்க வெப்பன், நீங்க பயப்புடாதீங்க.”

விதி அப்படித்தான் இருந்தது, பொய்யில்லை. ஆனால் விதிக்காக மட்டும் நான் அப்படிச் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. என் சொந்த மகளை நான் உறங்க வைத்த நாட்களை விரல்விட்டு எண்ணலாம். நான் கொழும்பில், அவள் ஊரில் என் தங்கச்சியிடம். ஒருமுறை லீவில் வந்து மடியில் போட்டு ஓராட்டப் பார்த்தேன். “நீங்க வேணா, சாச்சி வரட்டும்” என்று எழும்பிப் போய்விட்டாள். ஊரான் பிள்ளைகளையெல்லாம் உறங்க வைத்துக்கொண்டிருந்த எனக்கு என் பிள்ளை உறங்கவில்லை. இவள் வந்து, ஊசியே தேவையில்லை, என் குரல் போதும் என்கிறாளே என்று பொறாமையாகவே இருந்தது. இப்போது வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அன்றைக்கு எனக்கே நான் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை கதவடியில் பிள்ளையை வாங்கினேன். “உம்மா, உம்மா” என்று அவள் போட்ட சத்தத்தில் மற்ற அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே கொண்டுபோய் மருந்தைக் கொடுத்தேன். கண் செருகியது. இதய டொக்டர் தொடையைத் துடைக்கும்போது கால் இலேசாக அசைந்தது. அவ்வளவுதான், எனக்குப் போன கிழமை ஞாபகம் வந்துவிட்டது. முதல் மருந்து முழுதாக வேலை செய்யக் காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்! காத்திருக்காமல் இரண்டாவது தடவை கொடுத்தேன். பிறகு காப்புக்கு இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம்.

நுஹா கல்லாகக் கிடந்தாள்.

“இன்றைக்குப் பிள்ளை அசையவே இல்லையே, நல்ல வேலை” என்றார் இதய டொக்டர். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

எங்களோடு வேலை செய்த தாதி ஒருவர் இருந்தார், சிங்களப் பெண், என்னைவிட மூத்தவர், வார்த்தைகளை மிச்சம் பிடிப்பவர். அவர் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, “பபா கொரவனவா” என்றார். பிள்ளை குறட்டை விடுகிறது என்று அர்த்தம். நான், தெரியும், பரவாயில்லை என்று தலையாட்டினேன். அவர் கையை எடுக்கவில்லை. பிறகுதான் நான் குனிந்து தாடையைத் தூக்கிவிட்டேன், மூச்சு திறந்தது. அதற்குள் முக்கியமான அளவுகள் எல்லாம் எடுத்து முடிந்திருந்தது.

இரத்தத்தில் காற்றின் அளவைச் சொல்லும் மெஷின் ஒரு சின்னக் காகிதத் துண்டைத் துப்பியது. இதய டொக்டர் ஒட்சிசன் எவ்வளவு என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன். அதற்கு அடுத்த வரியில் அந்தக் கெட்ட காற்று, காபனீரொட்சைட், இருந்தது, இருக்க வேண்டிய அளவைவிட நன்றாக ஏறியிருந்தது. அதாவது பிள்ளை போதிய அளவு மூச்சு விடவில்லை, அதற்குக் காரணம் என் மருந்து. அந்த வரியை அவர் கேட்கவில்லை. அது என் பகுதி வேலை, நான்தான் சொல்ல வேண்டும். நான் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதல் ஒரு நிமிடம், சொல்லலாம், சொல்லலாம் என்றுதான் நின்றேன். அந்த ஒரு நிமிடம் கழிந்த பிறகு, இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்ற பயம் சேர்ந்துகொண்டது. அடுத்த நிமிடம் அது இரண்டு மடங்காகியது. இப்படித்தான் பிள்ளைகளே இது நடக்கும். பெரிய பாவம் செய்கிறோம் என்று யாரும் தொடங்குவதில்லை. வெளியே இன்னும் நான்கு பிள்ளைகள் காத்திருந்தார்கள், குழாயை வெளியே எடுத்தார்கள், கட்டுப் போட்டார்கள். முடிந்துவிட்டது.

இதய டொக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, “நுரையீரல் கையைவிட்டுப் போய்விட்டது. ஒப்பரேஷன் செய்தால் மேசையிலேயே இறந்துபோவாள். தாயிடம் சொல்ல வேண்டும், வாருங்கள், உங்கள் ஊர்ப் பாஷையில் நீங்களே சொல்லுங்கள்” என்றார். அவருக்குத் தமிழ் வராது. எப்போதும் நான்தான் மொழிபெயர்ப்பேன்.

வெளியே நுஹாவைக் கட்டிலோடு கொண்டுவந்திருந்தார்கள். இன்னும் உறக்கம். றிஸ்மியா குனிந்து பிள்ளையின் முகத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். இதய டொக்டர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன்.

“பிள்ளையின் நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகவும் அதிகமாக உள்ளது. ஆகவே சத்திரசிகிச்சை செய்வது உயிருக்கு ஆபத்தாக முடியும். மாத்திரைகளால் முடிந்தவரை பராமரிக்கலாம்.”

அவள் அழவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் பயந்து ஒரு வருஷம் பிந்தினதாலயா ராத்தா?”

நான் அதை இதய டொக்டருக்கு மொழிபெயர்க்கவில்லை. அவளுக்குப் பதிலும் சொல்லவில்லை. என் பைக்குள் அந்தக் காகிதம் கிடக்கிறது, இவள் தன் தலையில் பழியைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள், நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

இதய டொக்டர் அடுத்த பிள்ளையைப் பார்க்க உள்ளே போய்விட்டார். றிஸ்மியா என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“புள்ள நல்லாப் படுத்தாளா ராத்தா?”

“ஓம்,” என்றேன். “நல்லாப் படுத்தா.”

உள்ளே போய் மற்ற நான்கு பிள்ளைகளையும் உறங்க வைத்தேன். ஒவ்வொரு தடவையும் மருந்தைத் தொட முன் என் கை நின்றது. வேலை முடிந்து லுஹர், நண்பகல் தொழுகை, தொழ நின்றேன். தக்பீர் சொல்லிக் கை கட்டிவிட்டேன், ஓதுவது வரவில்லை. இருபத்தைந்து தடவை குர்ஆன் சூறாவைத் தொடங்கியிருப்பேன். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்து எழும்பி, காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே இதய டொக்டரின் அறைக்குப் போனேன். அவர் பாண் ரொட்டித் துண்டைக் கறியில் தொட்டு வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

“காலையில் பார்த்த பிள்ளையின் அளவு சரியில்லை. நான் கூடுதலாக மருந்து கொடுத்துவிட்டேன். மூச்சு குறைந்திருந்தது. இதைப் பாருங்கள்” என்று காகிதத்தை மேசையில் வைத்தேன்.

அவர் வாசித்தார். திருப்பியும் வாசித்தார். பாணைத் தட்டில் வைத்தார்.

“குழாய் உள்ளே இருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை. இப்போது அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தடவை குத்த வேண்டும். ஏன் அப்போதே சொல்லவில்லை?”

“நீங்கள் என் வேலை நல்ல வேலை என்று சொன்னீர்கள்,” என்றேன். “அதைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.”

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் காகிதத்தைப் பிள்ளையின் கோப்புக்குள் செருகினார். நடனப் பேச்சு அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும் போல.

“அடுத்த தடவை வேறு யாரையாவது போடுங்கள்,” என்றேன்.

“எதற்கு? இனி அந்தப் பிள்ளையின் மூச்சை உங்களைவிட யார் கவனமாகப் பார்ப்பார்கள்?” என்று சொல்லிவிட்டுப் பாணை எடுத்துக்கொண்டார்.

றிஸ்மியாவிடம் போய், “மகள், அளவு சரியா விழல்ல. திரும்ப ஒருக்காப் பாக்கணும். இன்னும் ஒண்டும் முடிவில்ல” என்றேன். அளவு ஏன் சரியாக விழவில்லை என்று அவள் கேட்கவில்லை. மெஷினில் ஏதோ கோளாறு என்று அவளாக எடுத்துக்கொண்டாள் என நினைத்தேன். நானும் அப்படியே விட்டுவிட்டேன். டொக்டரிடம் சொல்லிவிட்டேன், அது போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதினொரு நாள் கழித்து இரண்டாவது காலை. அன்றைக்கு நான் கதவடியில் பிள்ளையை வாங்கவில்லை. எக்ஸ்ரே கதிர் படாமலிருக்கப் போடும் ஈயச் சட்டை ஒன்றை எடுத்து றிஸ்மியாவின் அபாயாவுக்கு மேலே மாட்டி, நாடாவை நானே இறுக்கிக் கட்டினேன். “என்ன ராத்தா இது, அரிசி மூட்டையத் தூக்கின கணக்கா இரிக்கி” என்றாள். உம்மாமாரை விடக்கூடாதே என்று யாரோ சொல்ல வாயெடுத்தார்கள். இதய டொக்டர் திரும்பிப் பார்த்தார், அந்த வாய் மூடிக்கொண்டது.

முதல் தடவை கொடுத்ததில் பாதிகூடக் கொடுக்கவில்லை. றிஸ்மியா பிள்ளையின் காதடியில் குனிந்து ஓராட்டத் தொடங்கினாள். பெரிய பாட்டொன்றும் இல்லை. றாறாறோ என்ற இழுப்பும், பிள்ளையின் பெயரும், கட்டாரிலிருக்கும் வாப்பா என்ன கொண்டுவருவார் என்ற பட்டியலும். நுஹாவின் கண் மூடியது. என் இரண்டு விரலும் அவள் தாடைக்குக் கீழே. மூச்சு உள்ளங்கையில் ஒழுங்காகப் பட்டுப் பட்டுப் போனது. நான் திரையைப் பார்க்கவே இல்லை. தாதி என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். குழாய் உள்ளே போகும்போது றிஸ்மியாவின் குரல் நடுங்கி நிற்கப் பார்த்தது. இதய டொக்டர் தலையைத் தூக்காமலே, “அம்மாவை நிறுத்தச் சொல்லாதீர்கள்” என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

அளவு இறங்கியிருந்தது. நம்பாமல் இரண்டாவது தடவையும் எடுத்தார். ஒட்சிசன் கொடுத்துப் பார்த்தார், இன்னும் இறங்கியது. இந்தத் தடவை காகிதத்தின் எல்லா வரியையும் நான் சத்தமாக வாசித்தேன். இரண்டு மாதத்தில் நுஹாவுக்கு ஒப்பரேஷன் நடந்தது. ஓட்டையை அடைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள், அல்ஹம்துலில்லாஹ்.

இதோடு நிறுத்தினால் உங்களுக்கு ஒரு பாடம் கிடைத்துவிடும்: குழாய் உள்ளே இருக்கும்போதே சொல்லுங்கள். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். ஆனால் எனக்கு இதோடு நிற்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது, றிஸ்மியாவின் வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை, இரண்டே சந்து, தள்ளி. நான் வந்த முதல் ரமழானில் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் வாசல் கேற்றடியில் சத்தம். பதினொரு வயதுப் பிள்ளை ஒன்று மூடியிட்ட பாத்திரத்தோடு நின்றது.

“உம்மா கஞ்சி தந்திட்டா.”

பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கண் அப்படியே இருந்தது. சட்டையின் கழுத்தடியில் ஒப்பரேஷன் தழும்பின் நுனி தெரிந்தது. நான் பாத்திரத்தை வாங்கி வாயைத் திறக்கும் முன் அவள் ஓடிவிட்டாள். அந்த நோன்பு முழுவதும் அப்படித்தான். அடுத்த வருடமும் அப்படித்தான். கஞ்சி வரும், “உம்மா தந்திட்டா” என்று ஒரு சொல், பிறகு செருப்புச் சத்தம். அவளுக்கு நான் உம்மாவுக்குத் தெரிந்த ஒரு டொக்டர் மாமி, அவ்வளவுதான்.

நம்முடைய மருந்துக்கு மறக்க வைக்கும் குணம் இருக்கிறது, நீங்கள் படித்திருப்பீர்கள். பிள்ளைகள் நம்மை மறந்துபோகத்தான் வேண்டும். மறக்காவிட்டால் நம் வேலையில் ஏதோ பிழை. ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் என் கையில் உறங்கினார்கள், ஒருவருக்கும் என் முகம் தெரியாது. அது நியாயம்தான் என்று இருபத்தாறு வருடம் சொல்லிக்கொண்டேன். இந்த ஒருத்தி மட்டும் என்னைத் தெரிந்துகொண்டால் என்ன என்று கேற்றைப் பிடித்துக்கொண்டு ஏங்கினேன். என் மகள் மெல்பேர்னில் இருந்து வெள்ளிக்கிழமைகளில் போனில் கதைப்பாள். அதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன ரமழானில் என்னால் தாங்க முடியவில்லை. கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவி, வெறும் பாத்திரமாகக் கொடுக்கக்கூடாது என்று பேரீச்சம்பழம் போட்டு, நானே அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். றிஸ்மியா குசினியில் அடுப்பருகே இறுங்குச் சோள மாவு அரித்துக்கொண்டிருந்தாள்.

“ராத்தா! என்ன நீங்க தூக்கிட்டு வாறீங்க? இரிங்க, இரிங்க.”

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்லாமல் எழும்பிவிடுவேன் என்று தெரியும்.

“றிஸ்மியா, ஒண்டு சொல்லணும். அண்டைக்கு முதல்தரம் அளவு பிழைச்சது மெஷினால இல்ல. நான் மருந்து கூடக் குடுத்திட்டன். எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் வாயப் பொத்திட்டு உங்களுக்கு வந்து பொய்யச் சொன்னன். நீங்க பிந்தினதாலயா எண்டு கேட்டீங்க, அதுக்கும் பேசாம நிண்டன். நீங்க ஒவ்வொரு நோன்புக்கும் கஞ்சி அனுப்புறீங்க, எனக்குத் தொண்டையால இறங்குதில்ல.”

அவள் அரிதட்டைக் கீழே வைத்தாள். முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

“எனக்கு அண்டைக்கே தெரியும் ராத்தா.”

“என்ன தெரியும்?”

“இவ பொறந்ததுல இருந்து கொறட்ட உட்டதில்ல. கட்டில்ல கொண்டு வரக்குள்ள கர்ர் கர்ர் எண்டு வந்தா. குனிஞ்சு முகத்த வெச்சுப் பாத்தன், மூச்சு காணாது, கொஞ்சமாத்தான் வந்திச்சு. அதுக்கு மேல நீங்க. முந்தின நாள் எங்கட கதையில எப்பிடிக் கதைச்சீங்க? அந்த நேரம் மட்டும் ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி, சத்திரசிகிச்சை, பராமரிக்கலாம் எண்டு… இந்த டொக்டர் எனத்தையோ ஒளிக்கிறா எண்டு அப்பவே வெளங்கிட்டு.”

அடுப்படியில் கிடந்த பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

“அப்ப ஏன் கேக்கல்ல?”

“கேட்டனே! புள்ள நல்லாப் படுத்தாளா எண்டு கேட்டனே. நீங்க ஓம் எண்டீங்க. நான் சண்ட புடிச்சா நீங்க இன்னும் ஒளிச்சிருப்பீங்க. நான் ஆரு, எனக்கு அந்த ஊருல ஆரு இரிக்காங்க? லுஹருக்குத் தொழுதுட்டுக் கைய ஏந்தினன். புள்ளட நோயச் சுகமாக்கு எண்டு அண்டைக்கு நான் கேக்கல்ல ராத்தா. அந்த டொக்டர்ட வாயத் திறந்து உடு றப்பே எண்டுதான் கேட்டன். நீங்க திறந்தீங்க. அதுக்குத்தான் கஞ்சி.”

நான் ஓதமுடியாமல் நின்ற அதே லுஹர். அழுதுவிட்டேன், என்ன செய்ய? அறுபத்து மூன்று வயதில் ஊர்க்காரி ஒருத்தியின் குசினியில் குந்தியிருந்து அழுதேன். றிஸ்மியா தலைத்துணியால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள்.

“நுஹா! இஞ்ச வாகா. டொக்டர் மாமி உனக்கு ஒரு கதை சொல்லப் போறா.”

நுஹா வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள், கையில் பாடப் புத்தகம். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், பொம்மைக்கு மூச்சு இல்லை என்று அவள் சொன்னதையும், மூன்று தடவை கொடுத்த மருந்தையும், காகிதத்தையும். ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள். முடித்த பிறகு முகம் சிவந்துபோய்க் கேட்டாள்:

“அப்ப அத்தின ஆக்களுக்கு முன்னால நான் கொறட்டயா உட்டன்?”

“ஓம் மகள்.”

“அல்லாஹ்வே! ஸ்கூல்ல ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க மாமி.”

றிஸ்மியா சிரித்த சிரிப்பில் அரித்த மாவு பறந்தது.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு கேற்று திறந்த சத்தம் கேட்டது. கஞ்சிப் பாத்திரத்தை நான் வாங்கப் போக, அவள் என்னைத் தாண்டி உள்ளே வந்து, மேசையில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“மாமி, ரெண்டாவது தரம் உம்மா ஓராட்டக்குள்ள என்னய எங்க புடிச்சிட்டு நிண்டீங்க? காட்டுங்க.”

நான் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டப் போனேன். அவள் தலையைச் சற்றே பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தாடைக்குக் கீழே இரண்டு விரலை வைத்தேன். மூச்சு என் உள்ளங்கையில் சூடாகப் பட்டது.